ஈட்டி மரம் என்ன பாவம் செய்தது?

ஒரே மாடல் கிதார், மார்ட்டின் டி-28. ஒன்று 1966, இன்னொன்று 1972. முன்னதன் முதுகு பிரேசில் ரோஸ்வுட். பின்னதற்கு இந்திய ரோஸ்வுட், அதாங்க, நீலகிரிப் பக்கம் வளரும் ஈட்டி. இதற்கே விலை இரண்டு மடங்கு! கேட்டால் 'மணி மாதிரி நாதம்' என்பார்கள்.

2018-ல் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வில், முதுகு, பக்க மரம் மட்டும் மாறிய ஆறு கிதார்களை, மரம் தெரியாதபடி 52 பேர் வாசித்தார்கள். மதிப்பெண்ணில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை.

இந்த இரண்டும் வேறு மாதிரி ஒலிக்கிறதா? பிரிட்ஜுக்கு அடியில் கண்ணாடி விட்டுப் பாருங்கள். 1960களின் கடைசியில் சின்ன மேப்பிள் பட்டையை எடுத்துவிட்டுப் பெரிய ரோஸ்வுட் பட்டை வைத்தார்கள். அதிர வேண்டிய மேற்பலகைக்கு வீண் சுமை.

பிரேசில் மரத்துக்கு 1992 முதல் பன்னாட்டு வணிகத் தடை. தட்டுப்பாட்டுக்குத்தான் காசு என்று சொல்லிவிட்டுப் போகலாமே, ஈட்டியை ஏன் வம்புக்கு இழுக்கிறார்கள்?