பத்துக்குப் பத்து

நூலொன்று வெளிவந்தாலும், நாடகமொன்று மேடையேறினாலும், அதனைப்பற்றி அறிந்தோர் யாது கூறினர் என்று வினவுவது மக்கள் இயல்பு. ஆனால், நீண்ட விடையைக் கேட்கும் பொறுமை எல்லோருக்கும் இருப்பதில்லை. “நல்லதா, கூடாதா?” என்பதே அவர்கள் வேண்டும் ஒரே விடை. இக்காலத்து விமர்சகர்கள் இந்த அவசரத்தை நன்கறிந்து, தாம் எழுதிய கருத்தின் அடியில் ஓர் எண்ணையும் பொறித்துவிடுகின்றனர். பத்துக்கு ஏழு, நூற்றுக்கு எண்பது என்று புள்ளியிடும் இவ்வழக்கம் திரைப்படத்துக்கும் உண்டு, உணவுச்சாலைக்கும் உண்டு, வீடியோ விளையாட்டுக்கோ மிக அதிகமாக உண்டு. அவ்வெண் எதனை அளக்கின்றது? எத்தனை காலத்துக்கு அது செல்லுபடியாகும்? இவ்வாரம் ஒரு சான்றினை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

நாம் எடுத்துக்கொண்ட சான்று, 1996ஆம் ஆண்டில் யப்பானில் வெளிவந்த ‘சூப்பர் மரியோ 64’ என்னும் விளையாட்டு. பிள்ளைகளின் பொழுதுபோக்கை ஆராய்வதற்கு ஒரு பத்தியா என்று பெரியோர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். பிள்ளைகள் தம் மாலைப்பொழுதை எதனிடம் ஒப்படைக்கின்றனரோ அதனைப் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று. அன்றியும், ஒரு படைப்பை அது பிறந்த வேளையிலேயே நேர்மையாக மதிப்பிடுதல் இயலுமா என்ற பழைய வினாவுக்கு இவ்விளையாட்டின் வரலாறு நல்லதொரு விடையைத் தருகின்றது.

பள்ளமும் மேடையும்

மரியோ என்பவன் நின்ரெண்டோ நிறுவனத்தின் கற்பனைப் பாத்திரம்; மீசையும் சிவப்புத் தொப்பியும் உடையவன். ஷிகெரு மியாமோட்டோ என்னும் கலைஞர் 1981இல் ‘டொங்கி கொங்’ என்ற விளையாட்டுக்காக அவனை முதன்முதல் உருவாக்கினார். 1985இல் வந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ அவனை உலகெங்கும் அறிமுகஞ் செய்தது. அதிலே மரியோ இடப்புறத்திலிருந்து வலப்புறம் நோக்கி ஓடுவான். ஒரு மேடையிலிருந்து மற்றொரு மேடைக்குத் தாவுவான். தவறினாற் பள்ளத்தில் வீழ்வான். இவ்வகையினை ‘பிளாட்போம்’ விளையாட்டு என்பர். ஆடுபவர் பக்கவாட்டில் நின்று நோக்குவதால், பள்ளத்தின் அகலம் கண்ணுக்கு நன்கு புலப்படும். எவ்வளவு தூரம் தாவவேண்டும் என்பதைச் சிறு பிள்ளையும் கணித்துவிடும்.

நீளம், உயரம் என்னும் இரண்டோடு ஆழத்தையும் சேர்த்து, முப்பரிமாண உலகொன்றை அமைக்க முயன்றபோதுதான் சிக்கல் எழுந்தது. நமக்கு இரு கண்கள் இருப்பதால், எதிரே நிற்கும் மரம் எத்துணைத் தொலைவில் உள்ளதென்பதை ஒருவாறு உணர்ந்துகொள்கிறோம். தொலைக்காட்சித் திரையோ தட்டையானது. அதில் தெரியும் மேடை மிக அருகில் உள்ளதா, சற்று அப்பால் உள்ளதா என்று துணிய முடிவதில்லை. தாவுவதே உயிராகிய ஒரு விளையாட்டில், தாவவேண்டிய தூரம் தெரியாவிட்டால் என்ன செய்வது? அக்காலத்தில் இவ்வகை விளையாட்டை முப்பரிமாணத்தில் அமைக்க முற்பட்ட ஒவ்வொருவரும் இவ்வினாவுக்கு விடை காணவேண்டியிருந்தது.

மியாமோட்டோவும் அவர்தம் குழுவினரும் கண்ட விடை எளிமையானது. உலகங்களைக் கட்டுமுன்னரே, எளிய கட்டிகளாலான ஓர் இடத்தில் மரியோவை ஓடவிட்டனர். பொன்னிற முயலொன்றைத் துரத்திப் பிடிக்கச் செய்தனர். ஓடுவதும் திரும்புவதும் தாமே இன்பந்தரும் செயல்களாகும்வரை அசைவுகளைச் செப்பஞ் செய்தனர். அந்த முயல் பின்னர் விளையாட்டினுள்ளும் இடம்பெற்றது. நின்ரெண்டோ 64 பொறியின் கைக்கருவியில் பெருவிரலால் அசைக்கும் சிறு குச்சியொன்று இருந்தது. அதனை மெல்லச் சாய்த்தால் மரியோ அடிமேல் அடிவைத்து நடப்பான். முழுதாகச் சாய்த்தால் விரைந்தோடுவான். இது வெறும் அலங்காரமன்று. உறங்கிக்கிடக்கும் கடிசெடியொன்றின் அருகே அவன் பூனைபோல் நடந்தால் அது விழிப்பதில்லை. ஓடினாலோ விழித்துக் கடிக்க வரும். மரியோவின் நேர்கீழே எப்பொழுதும் ஒரு நிழல் விழும். தாவும்பொழுது தான் எங்கே இறங்கப்போகிறான் என்பதை ஆடுபவர் அந்நிழலைக்கொண்டு அறிவார்.

எஞ்சிய சிக்கல், இவ்வுலகத்தை எந்தப் பக்கத்திலிருந்து காட்டுவது என்பது. மேகத்தில் ஏறிவரும் ஒரு சிறு பாத்திரம், தூண்டிற்கோலின் நுனியிலே கமெராவைத் தொங்கவிட்டு மரியோவைப் பின்தொடர்வதாக அவர்கள் கதை புனைந்தனர். கண்ணாடி பதித்த அறையொன்றினுள் மரியோ நுழையும்போது, அவனுக்குப் பின்னே அந்தக் கமெராக்காரனும் கண்ணாடியிலே தெரிவான். அந்தக் கமெராவை ஆடுபவரே பொத்தான்களால் திருப்பலாம். இந்தக் கமெராவைப்பற்றிப் பின்னரும் பேசவேண்டியிருக்கும்.

விமர்சகர் தீர்ப்பு

1996 ஜூன் 23ஆம் நாள், நின்ரெண்டோ 64 பொறியும் இவ்விளையாட்டும் யப்பானில் ஒருங்கே விற்பனைக்கு வந்தன. அமெரிக்கர் செப்டெம்பரிலும், ஐரோப்பியர் 1997 மார்ச்சிலும் அதனைப் பெற்றனர். யப்பானின் ‘பமிட்சு’ சஞ்சிகையில் நான்கு விமர்சகர்கள் பத்துப் பத்தாகப் புள்ளியிடுவது வழக்கம். இவ்விளையாட்டு நாற்பதுக்கு 39 பெற்றது. இங்கிலாந்தில் 1993இல் தொடங்கிய ‘எட்ஜ்’ சஞ்சிகை அதுகாறும் எந்த விளையாட்டுக்கும் பத்துக்குப் பத்து வழங்கியதில்லை. முதன்முதலாக அப்புள்ளியைப் பெற்றது சூப்பர் மரியோ 64. யப்பானிய பதிப்பை ஆராய்ந்தே ‘எட்ஜ்’ இத்தீர்ப்பை அளித்தமையால், ஆங்கிலேய வாசகர்கள் விமர்சனத்தைப் படித்து அரையாண்டுக்கு மேல் கழிந்த பின்னரே விளையாட்டைத் தம் நாட்டுக் கடைகளில் வாங்க முடிந்தது. பல விமர்சகரின் புள்ளிகளைத் திரட்டிச் சராசரி கூறும் ‘மெற்றாகிறிற்றிக்’ இணையத்தளத்தில் அதன் கணக்கு நூற்றுக்கு 94.

அவர்கள் பாராட்டியவை யாவை? முதலாவது, அசைவின் இன்பம். இரண்டாவது, உரிமை. பெரும்பாலும் கோட்டையொன்றின் சுவர்களில் தொங்கும் ஓவியங்களுக்குள் குதித்தே புகவேண்டிய வேறு வேறு உலகங்கள் பதினைந்து. எல்லாமாக 120 நட்சத்திரங்கள் ஆங்காங்கே மறைந்திருக்கும். இறுதிப் பகைவனை எதிர்கொள்ள எழுபதே போதும். எனவே எதனை முதலிற் செய்வது, எதனை விட்டுவிடுவது என்பதைப் பெரும்பாலும் ஆடுபவரே தீர்மானிப்பார். பனிமலையொன்றில், வழிதவறிய பென்குயின் குஞ்சைத் தூக்கிக்கொண்டுபோய்த் தாயிடம் ஒப்படைத்தால் நட்சத்திரம் கிடைக்கும். அதே மலையில் வேறு பணிகளும் காத்திருக்கும். கொஜி கொண்டோவின் இசையும் புகழப்பட்டது.

குறையாகப் பலரும் சுட்டியது கமெராவைத்தான். அது சுவரிலே தடைப்பட்டு நிற்கும். திரும்பவேண்டிய நேரத்தில் திரும்பாது. சில இடங்களில் மரியோவே மறைந்துபோவான். ஆயினும், பழகினாற் சரியாகிவிடும் என்று கருதி, அக்குறையைச் சிறிதாகவே எண்ணியோர் பலர்.

புதுமை மயக்கமா?

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுவது நியாயமே. விமர்சகர்கள் புதுமையைக் கண்டு மயங்கினார்களா? புதுப்பெண்ணைக் கண்ட ஊரார்போலப் புகழ்ந்துவிட்டார்களா?

அதே ஆண்டில் வந்த வேறு இரண்டு விளையாட்டுகளை நோக்கினால் இவ்வையம் ஓரளவு தெளியும். சோனி நிறுவனத்தின் பொறிக்கு 1996 செப்டெம்பரில் வந்தது ‘கிராஷ் பாண்டிகூட்’. அதனை ஆக்கியோர் முப்பரிமாண உலகை அமைத்தபோதும், நாயகனைப் பெரும்பாலும் ஒடுங்கிய பாதையொன்றிலேயே நடத்திச்சென்றனர். கமெராவும் அப்பாதை வழியே செல்லும். தூரத்தைக் கணிக்கும் சிக்கல் அதனாற் குறைந்தது, உரிமையும் குறைந்தது. அதுவும் நல்ல விளையாட்டே. பெருந்தொகையானோர் அதனை விரும்பி வாங்கினர். ‘பப்சி 3டி’ என்ற மற்றொன்றோ, திறந்த உலகிலே ஒரு பூனையை உலவவிட்டது. அப்பூனை திரும்பவேண்டுமானால் நின்ற இடத்திலேயே சுழன்று, பின்னரே முன்செல்லவேண்டும். மிக மோசமான விளையாட்டுகளைப் பட்டியலிடுவோர் இன்றும் அதனை மறவாது சேர்க்கின்றனர். மூன்றும் ஒரே ஆண்டிற் பிறந்தவை. மூன்றிலும் முப்பரிமாணப் புதுமை உண்டு. ஆகவே மரியோவுக்குக் கிடைத்த புகழ் புதுமைக்கு மாத்திரம் கிடைத்ததன்று. அப்புதுமையைக் கைக்கு அடங்கச் செய்தமைக்குக் கிடைத்தது.

இதற்குப் பின்னாளிலே எதிர்பாராத சான்றொன்றும் கிடைத்தது. 2004இல் நின்ரெண்டோ, கைக்கடக்கமான தனது ‘டீ.எஸ்.’ பொறிக்காக இவ்விளையாட்டைப் புதுக்கி வெளியிட்டது. மேலும் மூன்று பாத்திரங்கள் சேர்ந்தன. நட்சத்திரங்கள் 150 ஆயின. படமும் செம்மை பெற்றது. ஆனால் அப்பொறியிலே பெருவிரற் குச்சி இல்லை. மரியோவை ஓட்டும் இன்பம் குன்றிவிட்டதென்று விமர்சகர் பலர் குறைகூறினர். பொருள்கள் கூடியும் சுவை குறைந்தது. அசைவே இவ்விளையாட்டின் உயிர் என்று 1996இல் எழுதியோர் பிழையாக எழுதவில்லை என்பதை இது காட்டுகின்றது.

புகழும் குறையும்

இனி இன்றைய நிலைக்கு வருவோம். இளைஞரொருவர் இன்று இவ்விளையாட்டை முதன்முறையாக ஆடினால் என்ன கூறுவார்? “இதில் அப்படி என்ன புதுமை? எல்லா விளையாட்டிலும் இப்படித்தானே ஓடுகிறார்கள்? இந்தக் கமெராவைத்தான் சகிக்க முடியவில்லை” என்பார். அவர் கூறுவதில் உண்மை உண்டு. 1997இல் சோனி இரண்டு குச்சிகள் கொண்ட கைக்கருவிகளை வெளியிட்டது. ஒன்றால் நாயகனையும் மற்றதால் கமெராவையும் அசைக்கும் முறை நாளடைவிலே பொதுவழக்காயிற்று. 2002இல் வந்த ‘சூப்பர் மரியோ சன்ஷைன்’ விளையாட்டிலும் கமெராவைத் திருப்பத் தனிக்குச்சி இருந்தது. அவ்வசதியோடு வளர்ந்த கைகளுக்குப் பழைய பொத்தான்கள் தடங்கலாகத் தோன்றுவது இயல்பே.

ஈண்டு நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. அன்று விமர்சகர் புகழ்ந்தவற்றையெல்லாம் பிறர் எடுத்து ஆண்டுவிட்டனர். ‘கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ’ விளையாட்டுகளை ஆக்கியோருள் ஒருவரான டான் ஹவுசர், முப்பரிமாண விளையாட்டு ஆக்குவோர் எவரும் அக்கால மரியோ, செல்டா விளையாட்டுகளிடம் கடன்படவில்லை என்று சொன்னால் அது பொய் என்ற கருத்தை 2012இல் வெளியிட்டார். கடன் கொடுத்தவர் வீட்டுப் பொருள் ஊரெங்கும் பரவிவிட்டால், அது யார் வீட்டுப் பொருள் என்பதை ஊர் மறந்துவிடுகின்றது. குறையை எவரும் கடன் கேட்பதில்லையாதலால், அது உடையவரிடமே தங்கிவிடுகின்றது. எனவேதான் பழைய படைப்பின் சிறப்புக் கண்ணுக்கு மறைந்து, குறை பெரிதாகத் தெரிகின்றது. இது விளையாட்டுக்கு மட்டும் உரிய விதியன்று. பழைய நாவலுக்கும் பழைய திரைப்படத்துக்கும் இதுவே நிகழ்கின்றது.

ஆயின், இளைஞர் தீர்ப்புச் சரியா, பழைய விமர்சகர் தீர்ப்புச் சரியா? அன்றைய விமர்சகர், “இதுவரை இல்லாத ஒன்றை இது தந்தது” என்றனர். இன்றைய இளைஞர், “இதனினும் வசதியானவற்றை நான் கண்டிருக்கிறேன்” என்கிறார். இரண்டும் வெவ்வேறு வினாக்களுக்குரிய விடைகள். எனவே இரண்டும் மெய்யே. 2020இல் நின்ரெண்டோ இவ்விளையாட்டைப் பெருமாற்றமின்றி வேறு இரண்டோடு சேர்த்து வெளியிட்டபோது, விமர்சகர்களும் ஏறத்தாழ இந்நிலையையே மேற்கொண்டனர். விளையாட்டுகள் சிறந்தவை, ஆனால் தொகுப்பில் உழைப்புப் போதாது என்பதே பலருடைய கருத்து.

விலையைக்கொண்டும் ஒன்றை மதிப்பிட முடியாது. ஏறத்தாழ ஒரு கோடியே 19 இலட்சம் பிரதிகள் விற்பனையான இவ்விளையாட்டின், உறை பிரிக்கப்படாத பிரதியொன்று 2021 ஜூலையில் அமெரிக்காவில் 15 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு ஏலம் போயிற்று. பிரித்து ஆடினால் அதன் விலை போய்விடும். ஆடப்படாத விளையாட்டைப்பற்றி அந்த விலை என்ன சொல்லிவிட முடியும்? அதைக்காட்டிலும், இவ்விளையாட்டை எவ்வளவு விரைவாக முடிக்கலாம் என்று இன்றும் போட்டியிடும் ஆர்வலர்களின் உழைப்பே மேலான சான்று. முப்பது ஆண்டுகள் கழிந்தும் மரியோவின் ஓட்டத்தில் அவர்களுக்கு அலுப்புத் தட்டவில்லை.

மாணாக்கர்களுக்கு ஒரு சொல். வினாத்தாளைத் திருத்தி நாம் திருப்பிக் கொடுக்கும்போது, உங்களுட் பலர் மேலே உள்ள புள்ளியை நோக்கிவிட்டுத் தாளை மடித்துவிடுகின்றீர்கள். ஓரத்திலே நாம் எழுதிய குறிப்புகளைப் படிப்போர் சிலரே. பெற்றோரும் முதலில் வினவுவது புள்ளியைத்தான். ‘எட்ஜ்’ வழங்கிய பத்து, ‘பமிட்சு’ வழங்கிய 39 ஆகியவற்றை மாத்திரம் அறிந்தவருக்கு இவ்விளையாட்டைப்பற்றி ஒன்றுமே தெரியாது. அசைவு இனிது, கமெரா இடர் என்ற காரணங்களை அறிந்தவரோ, 2004இல் வந்த புதுப்பதிப்பு ஏன் சுவை குன்றிற்று என்பதையும், இன்றைய இளைஞர் ஏன் சலிக்கின்றார் என்பதையும் தாமே உணர்ந்துகொள்வார்.

ஆகவே, நூலோ, படமோ, விளையாட்டோ, எதனைப்பற்றிய விமர்சனத்தைப் படித்தாலும் எண்ணைக் கடைசியில் நோக்குங்கள். ஏன் என்று அவர் கூறியதை முதலிற் படியுங்கள். காரணம் கூறாது புள்ளி மட்டும் இடுபவரை நம்பவேண்டாம். நீங்களே ஒன்றை நன்று என்றோ தீது என்றோ கூற நேர்ந்தால், வீட்டில் ஒருவர் “ஏன்?” என்று கேட்பார் என எதிர்பார்த்து விடையை ஆயத்தமாக வைத்திருங்கள்.