பழைய ஒலியும் எங்கள் பிள்ளைகளும்

சுவீடனின் துறைமுக நகரமான கோத்தன்பேர்க்கில் 2006ஆம் ஆண்டு நால்வர் கூடி ஒரு றொக் இசைக்குழுவை அமைத்தனர். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் 'கிரேவ்யார்ட்'. தமிழில் சொன்னால் இடுகாடு. 2009இன் பின்னர் வன்னியில் வாழும் எவரும் அச்சொல்லை விளையாட்டாக உச்சரிக்கமாட்டார். ஆயினும் அக்குழுவின் இரசிகன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஐம்பதைத் தாண்டிய ஒரு பத்திரிகைக்காரனுக்கு இந்த இரைச்சல் எதற்கு என்று கேட்பவர்களுக்காகவே இதனை எழுதுகின்றேன்.

முதலில், அது இரைச்சல் அன்று. 1970களின் தொடக்கத்தில் லெட் செப்லின், பிளாக் சபத் போன்ற ஆங்கிலக் குழுக்கள் வாசித்த வன்மையான றொக் இசையே இவர்களின் ஊற்று. கறுப்பின மக்களின் புளூஸ் இசையில் பிறந்த துயரம் அதன் அடியில் ஓடுகின்றது. பாடகர் யோவாக்கிம் நில்சனின் குரல் தழுதழுத்துத் தொடங்கி, அடித்தொண்டையிலிருந்து வெடித்து எழும். கணினியில் வெட்டி ஒட்டித் துடைத்த வழவழப்பு அங்கே இல்லை. மனிதர் கூடி நின்று வாசிக்கும்போது வரும் சிறு தள்ளாட்டமும் மூச்சும் கேட்கும்.

'பழையதை நகல் எடுப்பதில் என்ன பெருமை?' என்று கேட்கலாம். நாதசுர வித்துவான் ஒருவர் தம் ஆசானின் பாணியில் தோடியை விரித்து வாசித்தால் நகல் என்றா சொல்கின்றோம்? பாணி என்கின்றோம், பெருமைப்படுகின்றோம். றொக் இசைக்கும் இப்போது பாணிகள் தோன்றும் வயது வந்துவிட்டது. அவ்வளவுதான்.

2011இல் வெளிவந்து சுவீடன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த அவர்களின் 'ஹிசிங்கன் புளூஸ்' தொகுப்பு, அந்நகரின் ஹிசிங்கன் தீவின் பெயரைத் தாங்கியது. அங்கிருந்த பெரும் கப்பல் கட்டும் தளங்கள் 1970களில் தொடங்கிய நெருக்கடியில் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆனையிறவு உப்பைக் கொண்டு இயங்கிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையைப் போரில் இழந்த எங்களுக்கு, வேலையிழந்த தொழிலாளர் ஊரின் பெயரில் ஒரு புளூஸ் ஏன் என்று விளக்கத் தேவையில்லை. 2016இல் கலைந்த அக்குழு அடுத்த ஆண்டே மீண்டும் கூடியது. 2018இலும் 2023இலும் புதிய தொகுப்புகளைத் தந்தது.

எங்களுக்கும் ஓர் எழுபதுகள் இருந்தன, வாசகர்களே! நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி', திருகோணமலைச் சகோதரர்களான பரமேஸ் - கோணேஸ் பாடியவை என, சினிமாவின் நிழலில் ஒதுங்காத ஈழத்துப் பொப் இசை கிற்றாரோடும் பேச்சுத்தமிழோடும் எழுந்தது. பின்னர் யுத்தம் வந்தது. பொருளாதாரத் தடையினால் பற்றறிகள் கிடைக்காத 1990களில், சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதித்து, டைனமோவில் வானொலி கேட்ட சனங்கள் நாங்கள். இசையின் மீது இதைவிடப் பெரிய காதல் வேறு எந்த நாட்டில் உண்டு?

காதல் இருந்தது; காப்பாற்ற இடம்தான் இருக்கவில்லை. 2009இன் இறுதி இடப்பெயர்வுகளில் அரிசியையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் ஒலிநாடாப் பெட்டிகளையா தூக்கியிருப்பார்கள்?

இங்கேதான் சுவீடன் எங்களுக்குப் பாடம் சொல்கின்றது. அங்கு நகரசபைகள் நடத்தும் இசைப்பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்த கட்டணத்தில் வாத்தியம் பயில்கின்றனர். மக்கள் கல்விச் சங்கங்கள் இளைஞர் குழுக்களுக்கு ஒத்திகை அறைகளை வழங்குகின்றன. அந்த மண்ணிலிருந்து பல குழுக்கள் முளைப்பது தற்செயல் அன்று. பழையதை மீட்டெடுக்க மேதைமை மட்டும் போதாது. ஓர் அறையும், ஒரு கிற்றாரும், கேட்பதற்குப் பழைய ஒலிப்பதிவுகளும் வேண்டும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் உள்ளூராட்சிச் சபைகள் தத்தம் பொதுநோக்கு மண்டபங்களில் மாலைவேளைக்கு ஓர் அறையைத் திறந்துவிடுவது பெரிய செலவன்று. முல்லைத்தீவின் கோவலன் கூத்து மெட்டுக்களை ஒரு கிற்றாரில் ஏற்றிப் பார்க்க எந்தப் பிள்ளைக்காவது அங்கே ஆசை வரலாம். வராமலும் போகலாம். கதவு பூட்டியிருந்தால் நிச்சயமாக வராது.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு மேல்மாடிப் பெட்டிகளில் எழுபதுகளின் இசைத்தட்டோ ஒலிநாடாவோ கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்திவரும் நூலக நிறுவனம் ஒலிப்பதிவுகளையும் ஆவணப்படுத்துகின்றது, அவர்களோடு தொடர்புகொள்ளுங்கள். ஹிசிங்கன் பிள்ளைகளுக்குத் தங்கள் தந்தையர் காலத்து ஒலி கையெட்டும் தூரத்தில் கிடைத்தது. எங்கள் பிள்ளைகளுக்கு அதனை நாங்கள்தான் தேடிக் கொடுக்கவேண்டும்.