எண்ணப்படாத பிடிகள்

பெங்களூரு லிங்கராஜபுரத்தின் தமிழ்த் தெருக்களில் கபடிப் பேச்செழுந்தால் ரைடர் பவன் செராவத்தின் பெயர் முதலில் வரும். அவர் புகழ் பெற்ற அதே பெங்களூரு புல்ஸ் அணி 2015-இல் இறுதிப் போட்டி வரை சென்றபோது கார்னரில் நின்று கணுக்காலைப் பிடித்தவர் தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன். அவரை நினைவுகூர்வோர் சிலரே. கேட்டால், “ரைடருக்கே புள்ளி, ரைடருக்கே புகழ், ஆட்டத்தின் இயல்பு அது” என்பர்.

இயல்பன்று, விதி. ரைடர் மூவரைத் தொட்டு மீண்டால் மூன்று புள்ளிகளும் அவர் பெயரில் ஏறும். நால்வர் சேர்ந்து அவரை அமுக்கினால் அணிக்குக் கிட்டுவது ஒரே புள்ளி. கைகோத்துச் சங்கிலியாய் நின்ற ஏனையோர் உழைப்பு தனிக்கணக்கில் ஏறுவதில்லை. மேற்கோள் எண்ணிக்கையால் ஆய்வாளரை அளக்கும் பல்கலைக்கழகத்தார்க்கு இந்நோய் புதிதன்று.

புரோ கபடி லீக் 2014-இல் தொடங்கியபோது சேரலாதனுக்கு வயது 39. அவர் சாதனையென்று இன்று சுட்டப்படும் டேக்கிள் எண்கள் அதற்குப் பிந்தியவை. 41ஆம் வயதில் பாட்னா பைரேட்ஸின் தலைவராகக் கோப்பை வென்றார். அதே 2016-இல் அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அந்தியிலேயே இவ்வளவென்றால், எண்ணப்படாத நண்பகல் எப்படி இருந்திருக்கும்?

அமெரிக்கக் கால்பந்தில் இதற்கு இணையான கதை உண்டு. பந்தெறிபவரை எறியுமுன் வீழ்த்தும் செயலுக்கு ‘சாக்’ என்ற சொல்லைப் பரப்பியவர் தடுப்பு வரிசை வீரர் டீக்கன் ஜோன்ஸ். அவர் ஓய்வுபெற்றது 1974-இல், என்.எஃப்.எல். அதைத் தனிவீரர் கணக்கில் சேர்த்ததோ 1982-இல். பெயர் தந்தவர் பெயரில் அதிகாரபூர்வமாக ஒரு சாக்கும் இல்லை! ஆர்வலர் சிலர் பழைய ஆட்ட ஆவணங்களைப் புரட்டி, 173.5 என்ற எண்ணை முன்வைத்தனர்.

2018 ஏலத்தில் முதன்முதலாக ஒரு கோடியைத் தொட்டவர் ஈரானியத் தடுப்பாளர் ஃபசல் அத்ராச்சலி அன்றோ என்று சிலர் மறுக்கலாம். உண்மைதான். ஆனால் அதே ஏலத்தில் ரைடர் மோனு கோயத் 1.51 கோடிக்குச் சென்றார். மேலும், ஏலத்தொகை இன்றைய ஆட்டக்காரருக்கு உரியது. பழையவர்க்கு அது வரலாறு ஆகாது.

தமிழாய்வும் இதில் குற்றமற்றதன்று. சடுகுடுப் பாட்டுகளை நாம் தொகுத்தோம். அவை யாருடைய மொழி? பாடிப் போகிறவனுடையது. பிடிப்பவன் வாய் திறப்பதில்லை. ஆகவே நம் தரவில் அவன் இல்லை. ஒலியை மட்டும் சான்றாகக் கொள்ளும் துறைக்கு இது நாணத்தக்க இடைவெளி. மாவட்ட, மாநிலப் போட்டிகளின் எஞ்சிய ஸ்கோர் தாள்களைத் தேடுவதும், ஐம்பதைக் கடந்த பிடி வீரர்களின் வாய்மொழியைப் பதிவு செய்வதும் ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதுமான பணி. நாட்டார் வழக்காற்றியல் துறைகள் அடுத்த சேர்க்கையிலேயே இதற்கு ஓரிடம் ஒதுக்கட்டும், அவ்வீரர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.