உப்புக்கும் சர்க்கரைக்கும் ஒரு டெட்ரா பேக் எதற்கு?

குழந்தைக்கு வயிற்றால் போகிறது, இரண்டு முறை வாந்தியும் எடுத்துவிட்டது. கோட்டுச்சேரிமேடாகட்டும், சென்னையாகட்டும், உடனே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். ஒரு கட்சி மெடிக்கல் ஷாப்புக்கு ஓடி ஆரஞ்சு கலரில் ஒரு டெட்ரா பேக் வாங்கி வரும். இன்னொரு கட்சி, "இயற்கையா இளநீர் குடு, எல்லாம் சரியாப்போகும்" என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விடும். இரண்டுமே தப்பு!

காரைக்கால்காரர்கள் 2022 ஜூலையை மறந்திருக்க மாட்டார்கள். காலரா பரவி, பொதுச் சுகாதார அவசரநிலையே அறிவிக்கப்பட்டது. பள்ளி, கல்லூரிகளை மூடினார்கள். குடிநீரில் கழிவுநீர் கலந்ததுதான் காரணம் என்று ஊரெல்லாம் பேச்சு. காலராவாக இருந்தாலும் சாதாரண பேதியாக இருந்தாலும், பெரும்பாலும் உயிரை எடுப்பது கிருமி நேரடியாக இல்லை. உடம்பிலிருந்து வெளியேறும் தண்ணீரும் உப்பும்தான். அதைத் திரும்ப உள்ளே அனுப்பிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம்.

இதை உலகத்துக்கு நிரூபித்தது பெரிய ஆஸ்பத்திரி எதுவும் இல்லை, ஓர் அகதி முகாம். 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்காளத்தின் பன்காவ் முகாமில் காலரா தலைவிரித்தாடியது. சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோயின. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்த தண்ணீரை டிரம்களில் வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே கொடுக்கச் சொன்னார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 3.6 சதவீதமாகக் குறைந்தது. பிறகு வங்கதேசத்தில் பிராக் அமைப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், ஒரு சிட்டிகை உப்பு என்று வீடு வீடாகப் போய்ப் பல லட்சம் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்கள் கற்றுக்கொண்டதை, பட்டம் வாங்கியவர்கள் மறந்துவிட்டு டெட்ரா பேக் வாங்குகிறார்கள்.

அதில் என்ன கெடுதல்? சர்க்கரைதான். குடலில் உப்பும் சர்க்கரையும் ஜோடியாகத்தான் உள்ளே போகும், தண்ணீர் அவற்றின் பின்னாலேயே போகும். அதற்குக் கொஞ்சம் சர்க்கரை போதும். உலக சுகாதார நிறுவனத்தின் 2002 கணக்குப்படி லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம். பழச்சாறு வகை பானங்களிலோ லிட்டருக்கு 100 கிராம் அளவுக்குச் சர்க்கரை! அளவு மீறினால் சர்க்கரை தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும், பேதி இன்னும் அதிகமாகும். இப்படிப்பட்ட பானங்கள் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்துகளை ஒட்டிக்கொண்டு விற்றதை எதிர்த்து ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடங்கள் போராடினார். 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தடை போட்டது.

இயற்கைக் கட்சிக்கும் ஒரு வார்த்தை. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. பேதியில் அதிகம் போவதோ சோடியம். வெறும் இளநீரை நம்பினால் கணக்கு உதைக்கும். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, உப்பு மோர்... இவை உண்மையிலேயே நல்லவை. அரிசி விளையும் டெல்டா, பக்கத்திலேயே வேதாரண்யம் உப்பளம். இந்த ஊரில் கஞ்சிக்கு என்ன பஞ்சம்?

"வீட்டில் கலந்தால் அளவு தப்பிவிடுமே" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்துதான். அதனால் முதல் இடம் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பவுடருக்குத்தான். அது கைக்கு வரும்வரை: கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், தலைதட்டிய டீஸ்பூனால் சர்க்கரை 6, பொடி உப்பு அரை. கலந்து நாக்கில் வைத்துப் பாருங்கள். கண்ணீரை விடக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

குடிக்க மறுக்கிறதா? அதே கரைசலைக் குச்சி ஐஸ் அச்சில் ஊற்றி உறைய வையுங்கள். மருந்தென்றால் ஓடும் பிள்ளை ஐஸ் என்றால் நிற்கும். ரொம்பச் சின்னக் குழந்தைக்கு ஐஸ் வேண்டாம், ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் கரைசல் போதும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மறுபடி கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. டாக்டர் தரும் ஜிங்க் மாத்திரையைப் பேதி நின்றபிறகும் 14 நாள் முடிக்க வேண்டும். கண் உள்வாங்கினாலோ, சிறுநீர் நின்றாலோ, குழந்தை துவண்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, கைவைத்தியம் எல்லாம் போதும். நேராக ஆஸ்பத்திரி.

கடைசியாக ஒன்று. அம்மா தண்ணீரைக் கொதிக்க வைக்கிறாள் என்பதற்காக, குழாயில் சாக்கடை வரலாம் என்று அர்த்தமில்லை. உப்பும் சர்க்கரையும் வீட்டின் பொறுப்பு. சுத்தமான தண்ணீர் அரசாங்கத்தின் பொறுப்பு. அதைக் கேட்காமல் டெட்ரா பேக் வாங்கிக்கொண்டே இருந்தால், அடுத்த ஜூலையும் வரும்.