உதட்டைத் தைத்தால் வேலை முடிந்ததா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரர்கள், மத்ரஸாவில் ஓதிக் கொடுக்கிற உஸ்தாத்மார், எங்களைப் போல ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

உதட்டுப் பிளவோடும் அண்ணப் பிளவோடும் பிறக்கிற பிள்ளைகளைப் பற்றித்தான் எழுதுகிறோம். உலகத்தில் ஏறத்தாழ 700 பிறப்புக்கு ஒன்று என்று கணக்குச் சொல்கிறார்கள். அப்படியானால் எங்கள் கோட்டத்துப் பாடசாலைகளிலும் கட்டாயம் சில பிள்ளைகள் இருப்பார்கள். உதட்டில் தையல் தழும்பு இருந்தால் நாங்கள் கண்டுகொள்வோம். அண்ணம் மட்டும் பிளந்த பிள்ளையை வெளியே பார்த்து யாருக்கும் தெரியாது. "புள்ள மூக்கால கதைக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம்.

முதலில் கிரகணக் கதையை முடித்துவிடுவோம். வயிற்றில் பிள்ளையோடு கிரகணத்தைப் பார்த்தாள், கத்தியைத் தொட்டாள், அதனால்தான் இப்படி என்று இன்றைக்கும் எங்கள் ஊர்களில் சொல்கிறார்கள். நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மௌத்தான அன்று கிரகணம் பிடித்தபோது, அது எவருடைய மரணத்துக்கோ வாழ்வுக்கோ பிடிப்பதில்லை என்று ரஸூலுல்லாஹ்வே தெளிவாக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகும் ஒரு உம்மாவின் தலையில் அந்தப் பழியைப் போடுவதற்கு எங்களுக்கு என்ன உரிமை? கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் முகத்தின் பகுதிகள் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து ஒன்று சேர வேண்டும். சில பிள்ளைகளுக்கு அது முழுமையாகச் சேர்வதில்லை. பரம்பரையும் வேறு காரணங்களும் கலந்துதான் அப்படி நடக்கிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களை நீங்கள் எல்லோரும் பேஸ்புக்கில் பார்த்திருப்பீர்கள். நாங்களும் பகிர்ந்திருக்கிறோம். அந்தப் படத்தில் உதடு மட்டும்தான் தெரியும். பிள்ளை எப்படிக் கதைக்கிறது, காது கேட்கிறதா, எட்டு வயதில் பல் எந்தப் பக்கம் முளைக்கிறது என்று எந்தப் படமும் காட்டாது. எங்கள் வகுப்பறைக்கு வருவதோ இவை எல்லாவற்றோடும் சேர்ந்த பிள்ளை.

அண்ணம் சரியாக மூடாவிட்டால் வாய்க்குள் காற்றை அடக்க முடியாது, மூக்கால் போய்விடும். காற்றை அடக்காமல் ப, ட, க, ச எதுவும் வராது. "பாப்பா" என்று சொல்ல வருகிற பிள்ளை "மாம்மா" என்கும். "கடை" என்பதில் ககரத்துக்குப் பதிலாகத் தொண்டைக்குள் ஒரு அடைப்புச் சத்தம் வரும். ஓதும்போது பே மீமாகிவிடும், காஃப் விழுங்கப்பட்டுவிடும். மக்ரஜ் சரியில்லை என்று அந்தப் பிள்ளையை நூறு தடவை திருப்பிச் சொல்ல வைப்பதில் பிரயோசனம் இல்லை. அடிப்பது அநியாயம். அதன் வாய்க்குள் அந்த எழுத்துக்குரிய கதவே மூடாமல் கிடக்கிறது.

காதும் அப்படித்தான். நடுக்காதுக்குப் போகிற குழாயைத் திறக்கிற தசை அண்ணத்தில்தான் இருக்கிறது. அது ஒழுங்காக வேலை செய்யாவிட்டால் காதுக்குள் நீர் கட்டும், கேட்பது மங்கும். கவனமில்லாத பிள்ளை என்று ரிப்போட்டில் எழுதுகிறோமே, அதில் எத்தனை பிள்ளைகளுக்குக் காது கேட்கவில்லையோ, அல்லாஹ் அறிவான்.

ஆக, இது ஒரு டொக்டரால் முடிகிற வேலை இல்லை. சத்திரசிகிச்சை நிபுணர், பல் சீரமைப்பு வைத்தியர், பேச்சு சிகிச்சையாளர், காது மூக்கு தொண்டை வைத்தியர், தாதி எல்லோரும் ஒரு மேசையில் உட்கார வேண்டும். இப்படி உட்கார வைத்ததில் துறைசார் சங்கங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. சங்கம் என்றதும் எங்கள் ஆட்களுக்கு ஹோட்டல் மாநாடும் பொன்னாடையும்தான் ஞாபகம் வரும். அதற்கும் காரணம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் இந்தத் துறைக்கான சங்கம் 1943இல் தொடங்கியபோது, அது அண்ணத்துக்குச் செயற்கைத் தகடு செய்கிற பல் வைத்தியர்களின் சின்னக் கூட்டம். மற்றத் துறையினரும் சேரச் சேரத்தான் "குழுவாகப் பார்க்க வேண்டும்" என்பது அங்கே விதியானது.

பிரித்தானியாவில் நடந்தது இன்னும் முக்கியம். 1998இல் வெளிவந்த ஓர் அறிக்கை அங்குள்ள பிளவு சிகிச்சையை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தது. 57 நிலையங்கள் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தன. அநேகமானவற்றில் வருஷத்துக்குக் கொஞ்சப் பிள்ளைகள்தான். ஐரோப்பாவின் நல்ல நிலையங்களோடு ஒப்பிட்டால் பெறுபேறு பின்தங்கி இருந்தது. 8 முதல் 15 வரையான நிலையங்கள் போதும், அங்கே முழுக் குழு இருக்கட்டும் என்று அறிக்கை சொன்னது. அதை ஏற்று நிலையங்களைக் குறைத்தார்கள். தங்கள் வேலையின் பெறுபேற்றை மற்றவர் அளக்கவும், தங்கள் நிலையத்தையே மூடவும் ஒரு தொழிலைச் சேர்ந்தவர்கள் சம்மதிப்பது லேசான காரியமா? எங்கள் பாடசாலைகளின் பெறுபேற்றை யாராவது அப்படி அளக்க வந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தக் கதையில் எங்கள் நாட்டுக்கும் பெரிய இடம் உண்டு, ஊரில் பலருக்குத் தெரியாது. 1984இல் மைக்கேல் மார்ஸ் என்ற பல் சீரமைப்பு நிபுணரும் அவரது குழுவினரும் லண்டனிலிருந்து காலிக்கு வந்தார்கள். சத்திரசிகிச்சையே செய்யாமல் வளர்ந்த பெரியவர்கள் தென் மாகாணத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களைப் பரிசோதித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. சத்திரசிகிச்சை செய்யாதவர்களின் மேல்தாடை கிட்டத்தட்ட இயல்பாகவே வளர்ந்திருந்தது. அப்படியானால் தாடையை ஒடுங்க வைப்பது பெரும்பாலும் சத்திரசிகிச்சையின் தழும்புதான். அப்போ பிந்திச் செய்யலாமே என்று கேட்பீர்கள். அதற்கும் பதில் இங்கேயேதான் கிடைத்தது. பெரிய பிள்ளையான பிறகு அண்ணத்தை மூடியவர்களுக்குப் பேச்சு சரிவரவில்லை. முந்தினால் முகத்துக்கு நட்டம், பிந்தினால் பேச்சுக்கு நட்டம். உலகம் முழுக்க இந்தத் துறையின் மாநாடுகளில் நடக்கிற வாதத்தின் ஒரு முனையை எங்கள் நாட்டு ஏழை மக்களின் வாய்தான் கொடுத்தது.

அந்த வாதம் இன்னும் முடியவில்லை. 2023இல் ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் 23 நிலையங்கள் சேர்ந்து 558 குழந்தைகளில் செய்த ஆய்வு வெளியானது. அண்ணம் மட்டும் பிளந்த குழந்தைகள் அவர்கள். 6 மாதத்தில் மூடியவர்களில் 100க்கு 9 பேர் அளவிலும், 12 மாதத்தில் மூடியவர்களில் 15 பேருக்கும் 5 வயதில் மூக்கால் காற்றுப் போகிற பிரச்சினை இருந்தது. இத்தனை நிலையங்கள் ஒரே அளவுகோலைப் பிடிக்காவிட்டால் இது தெரிந்திருக்காது. எந்த மாதத்தில் செய்வது என்று உங்கள் பிள்ளையின் வைத்தியர்தான் முடிவு செய்வார். நாங்கள் சொல்வது, கேள்வி கேட்கத் தெரிந்துகொள்ளுங்கள் என்பதைத்தான்.

எங்கள் ஆதங்கம் வேறு இடத்தில். பேராதனையில் பல் மருத்துவ பீடம் இருக்கிறது, ராகமையில் பேச்சு சிகிச்சையாளர்களை உருவாக்குகிறார்கள். ஆனால் பேச்சு சிகிச்சை மொழியோடு ஒட்டியது. சிங்களச் சொற்பட்டியலை வைத்து எங்கள் பிள்ளையின் ழகரத்தையும் றகரத்தையும் பார்க்க முடியாது. தமிழில் கதைத்து சிகிச்சை தரக்கூடியவர்கள் தேவைக்குப் போதாது. ஏ.எல். எழுதிய பிள்ளைகளுக்கு டொக்டர், என்ஜினியர் தவிர வேறு தொழில் இருக்கிறது என்று நாங்களும் சொல்வதில்லை, பெற்றாரும் சொல்வதில்லை. பயோ செய்த பிள்ளைகள் இருக்கிற வீடுகள் இதைக் கவனிக்கட்டும்.

இன்னொன்று. பிரித்தானியாவில் 1979இல் பெற்றாரும் வைத்தியத் துறையினரும் சேர்ந்து க்ளாபா என்றொரு அமைப்பைத் தொடங்கினார்கள். பால் குடிக்க முடியாத குழந்தைக்கு எந்தப் போத்தல் என்பதிலிருந்து, பாடசாலையில் கிண்டல் செய்தால் என்ன செய்வது என்பது வரைக்கும் அவர்கள் வேலை. எங்கள் நாட்டு நிபுணர் சங்கங்களும் பெற்றாருக்கும் ஆசிரியருக்கும் ஓர் ஆசனம் ஒதுக்க வேண்டும். வைத்தியர் அந்தப் பிள்ளையை வருஷத்தில் சில தடவை பார்க்கிறார். நாங்கள் 200 நாள் அளவில் பார்க்கிறோம். தையல் பிரிந்து மூக்கால் சோறு வருவதையும், பெயர் கூப்பிட்டால் திரும்பாததையும், வாசிக்கச் சொன்னால் கழிவறைக்குப் போகக் கேட்பதையும் காண்கிறவர்கள் நாங்கள். அதைச் சொல்ல எங்களுக்கு ஒரு தாளும் இல்லை, கேட்க ஒருவரும் இல்லை.

சங்கங்கள் வரும்வரை சும்மா இருக்கவும் தேவையில்லை. ஆசிரியர்மாரே, அப்படியான பிள்ளையை முன் வரிசையில் இருத்துங்கள், எந்த எழுத்து வரவில்லை என்று ஒரு கொப்பியில் குறித்து கிளினிக்குக்குக் கொடுத்தனுப்புங்கள். புதிதாகப் பிள்ளை பிறந்த வீடுகளில், பால் மூக்கால் வந்தால் உடனே மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லி, டோர்ச் அடித்து அண்ணத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உதடு தைத்த பிறகு கிளினிக் போவதை நிறுத்திய வீடு உங்கள் தெருவில் இருந்தால், கார்டையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு திரும்பப் போகச் சொல்லுங்கள். கூடப் போக ஆள் இல்லாவிட்டால் எங்களுக்கு இன்பொக்ஸில் எழுதுங்கள், பாடசாலை இல்லாத நாளில் வருகிறோம்.