டிராக்டருக்கு வரி 5%: மலைத் தோட்டத்துக்கு எந்த வண்டி?

கீழ்ப்பழனி மலையில், தடியன்குடிசைக்கு அருகே ஒரு தோட்டத்தில் மிளகுக் கொடிகளைப் பார்க்கப் போயிருந்தேன். காப்பி, மிளகு, ஊடே மலைவாழை என்று ஆறு ஏக்கர். தார்ச் சாலையிலிருந்து தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர் மண் பாதை. வாடல் நோயைப் பற்றிப் பேசி முடித்ததும் அந்த விவசாயி வேறு பேச்சுக்கு வந்தார்.

"டிராக்டருக்கு வரி குறைச்சுட்டாங்களே சார். நாலு சக்கர பைக்கு ஒண்ணு வருதாமே, அதுவும் டிராக்டர் கணக்குதானாம். வாங்கலாமா?"

இதே கேள்வியைக் கடந்த சில மாதங்களில் ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் கேட்டுவிட்டேன். வேளாண்மை உதவி அலுவலர்களும் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2025 செப்டம்பர் 22 முதல் விவசாய டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது. டிராக்டர் டயர், டியூப், உதிரிபாகங்களுக்கு 18 சதவீதம் இருந்தது. அதுவும் 5 ஆகிவிட்டது. பிக்கப் போன்ற சரக்கு வாகனங்களுக்கு 28-லிருந்து 18. ஆனால், மலைக்காரர்கள் ஆசைப்படும் தார் 4x4, ஜிம்னி, கூர்க்கா போன்ற நான்கு சக்கர இழுவை வண்டிகள் இன்ஜின் அளவாலோ நீளத்தாலோ 40 சதவீத வரிக்குள் போய்விடுகின்றன. ஒரே மண் பாதையில் ஏறுகிற மூன்று வண்டிகளுக்கு 5, 18, 40 என்று மூன்று வரி. பாதையின் சரிவை வைத்து யாரும் வரி போடுவதில்லை; பதிவுப் புத்தகத்தில் வண்டியின் வகை என்ன என்பதுதான் கணக்கு.

ஏடிவி எந்தக் கணக்கில் வரும்?

ஏடிவி எனப்படும் நான்கு சக்கர பைக்குகளில் பெரும்பாலானவற்றை நம் நாட்டில் சாலையில் ஓட்டப் பதிவு செய்ய முடியாது. சுற்றுலாத் தலங்களில் வேலிக்குள் ஓடுகிறவை அவை. அவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. போலாரிஸ் நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன் 567 சிசி வண்டி ஒன்றை டிராக்டர் என்ற வகையில் சான்று பெற்று இங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தச் சான்று அந்த மாடலுக்கு மட்டும்தான். தோற்றத்தில் அதே மாதிரி இருக்கும் இன்னொரு வண்டிக்குப் பதிவும் வராது, டிராக்டருக்கான 5 சதவீத வரியும் தானாகப் பொருந்தாது. விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, வகைச் சான்றின் நகலை. அதை எடுத்துக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவாகுமா என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டுகிறேன் என்பீர்கள். பெட்ரோல் போடவோ பழுது பார்க்கவோ ஒருநாள் தார்ச் சாலைக்கு வந்துதானே ஆக வேண்டும்? அன்று விபத்து நடந்தால் பதிவில்லாத வண்டிக்குக் காப்பீடு கிடையாது.

இழுக்கும் திறனையும் பார்க்க வேண்டும். இந்த வண்டிகளின் முன், பின் தட்டுகளில் மொத்தமாக இரண்டு மூட்டை ஏற்றினாலே அதிகம். மற்றதெல்லாம் டிரெய்லரில்தான் வர வேண்டும். சிறுமலையில் குதிரைகள் முதுகில் சுமந்து இறக்குவதை விட இது பெரிதாக ஒன்றும் கூட இல்லை.

இன்னொரு பழைய கதையையும் நினைவுபடுத்துகிறேன். 2015-ல் ஐஷர் நிறுவனமும் போலாரிஸும் கூட்டாக மல்டிக்ஸ் என்ற வண்டியைக் கொண்டுவந்தன. 511 சிசி டீசல் இன்ஜின், குடும்பமும் போகலாம், பின்னால் சரக்கும் ஏற்றலாம், வண்டியிலிருந்தே மின்சாரம் எடுத்து விளக்கெரிக்கலாம், பம்பு ஓட்டலாம். சிறு விவசாயியை நினைத்துச் செய்த வண்டி என்றே நான் இன்றும் சொல்வேன். 2018-ல் அந்தக் கூட்டு நிறுவனத்தையே மூடிவிட்டார்கள். நல்ல யோசனை என்பதற்காக ஒரு வண்டியை வாங்கினால், அதைச் செய்தவர் கடையை மூடும் நாளில் உதிரிபாகத்துக்கு நாம்தான் அலைய வேண்டும். அதனால் புதுவகை வண்டி எதைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: இதற்கு பிரேக் ஷூ வத்தலகுண்டில் கிடைக்குமா?

மண் என்ன சொல்கிறது?

ஏடிவிக்கு ஒரு நல்ல பெயர் உண்டு, அது நியாயமானதுதான். வண்டியின் எடை 350 கிலோ அளவில்தான் இருக்கும். டயரில் 5 முதல் 7 பிஎஸ்ஐ காற்று போதும். ஜீப் டயரில் 28, 30 வைக்கிறோம். சரக்கேற்றிய பிக்கப்பின் பின் டயரில் 50-ஐத் தாண்டும். டயரில் உள்ள காற்றழுத்தம் ஏறக்குறைய எவ்வளவோ, மேல்மண்ணை வண்டி அமுக்குவதும் ஏறக்குறைய அவ்வளவே. காப்பியின் உணவு வேர்கள் பெரும்பாலும் மேல் ஓரடி மண்ணுக்குள்தான் பரவியிருக்கின்றன. மிளகின் வேரும் அப்படித்தான். மழை பெய்த மறுநாள் வரிசைக்குள் ஜீப்பை விட்டால் மண் துளைகள் மூடிக்கொள்ளும், தண்ணீர் தேங்கும், வாடல் நோய்க்குப் பாய் விரித்த மாதிரி ஆகிவிடும்.

ஆனால், இதற்காக எட்டு லட்சம் செலவழிக்கத் தேவையில்லை. அமுங்குவதில் பெரும்பங்கு முதல் தடவை சக்கரம் ஏறும்போதே நடந்துவிடுகிறது. அதனால் தோட்டத்துக்குள் வண்டிக்கென்று ஒரே தடத்தை ஒதுக்கி, அதைவிட்டு இறங்காமல் ஓட்டினால் மற்ற இடமெல்லாம் தப்பிவிடும். ஈரம் பார்க்க ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். கயிறு போல் திரிந்தால் அன்றைக்கு வண்டி வேண்டாம், தலைச்சுமைதான்.

ஏறுவதல்ல, இறங்குவதுதான் கஷ்டம்

நான்கு சக்கர இழுவை எதற்கு என்று கேட்டால் எல்லோரும் ஏற்றத்துக்கு என்பார்கள். மிளகு மூட்டையோடு ஈரப் பாதையில் இறங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் உண்மை தெரியும். இறக்கத்தில் வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது, பின் சக்கரம் லேசாகிறது. இரண்டு சக்கர இழுவையில் இன்ஜின் பிடிப்பது அந்த லேசான பின் சக்கரங்களை மட்டுமே. அவை வழுக்கினால் வண்டி குறுக்கே திரும்பும். நான்கு சக்கரத்திலும் லோ கியரில் இறங்கினால், பாரம் அழுத்தும் முன் சக்கரங்களையும் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். பிரேக்கைத் தொடவே தேவையிராது.

டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். பிரேக் சூடேறி, பிடிப்பு போன பிறகு கியர் போட்டால் விழாது.

டிராக்டரும் டிரெய்லரும் என்றால் கவலை இன்னும் அதிகம். டிரெய்லரில் பிரேக் இல்லாவிட்டால் இறக்கத்தில் அது டிராக்டரைத் தள்ளும், வளைவில் மடித்துவிடும். டிராக்டரின் இடது, வலது பிரேக் மிதிகளைச் சாலையில் ஓட்டும்போது கொக்கி போட்டுச் சேர்த்திருக்க வேண்டும். உழவில் பிரித்ததை மறந்து சாலைக்கு வருவது எத்தனையோ விபத்துக்குக் காரணம். ஏற்றத்தில் கொக்கியைப் பின் அச்சுக்கு மேலே மாட்டி இழுத்தால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு பின்னால் கவிழும்.

ஏடிவியிலும் கவிழ்வதுதான் முதல் ஆபத்து. அது ஓட்டுபவர் மேலேயே விழும். ஆஸ்திரேலியாவில் பண்ணைகளில் இப்படிப் பலர் இறந்த பிறகு, 2021 அக்டோபர் 11 முதல் பொதுப் பயன்பாட்டுக்கான புதிய வண்டி ஒவ்வொன்றிலும் ஓட்டுபவரைக் காக்கும் கம்பி வளைவு கட்டாயமாக்கப்பட்டது. ஹோண்டாவும் யமஹாவும் அந்தச் சந்தையை விட்டே விலகிக்கொண்டன. இங்கே விற்பவரிடம் அந்த வளைவைக் கேளுங்கள். பேரனை முன்னால் உட்கார வைத்து ஓட்டும் வண்டியல்ல அது.

பழைய ஜீப்பின் புதுக் கட்டணம்

மலையில் இன்றும் பாரம் சுமப்பது பழைய ஜீப்தான். மேஜர், கமாண்டர், எம்எம் 540 என்று பெயர் சொன்னாலே மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார். ஆனால், 2025 ஆகஸ்டில் வந்த விதித் திருத்தத்தின்படி 20 ஆண்டுகளைக் கடந்த இலகுரக மோட்டார் வாகனத்தின் பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் 10,000 ரூபாய். முன்பு 5,000. வாங்கும் விலையோடு இதையும், தகுதிச் சான்றுக்கு ஆகும் வெல்டிங், பெயிண்ட் செலவையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். பதிவு எப்போது முடிகிறது என்பதை ஆர்சி புத்தகத்தில் பார்க்காமல் வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய.

சொந்த உபயோகத்துக்குப் பதிவான ஜீப்பில் கூலிக்கு ஆள் ஏற்றினால் விபத்தின்போது காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கும். டிரெய்லரில் ஆள் ஏற்றினாலும் அதே கதைதான். உரிமம் பற்றிய ஒரு குழப்பம் மட்டும் தீர்ந்திருக்கிறது: எல்எம்வி உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது.

பழுது வரும்போது

நான்கு சக்கரமும் இழுக்கவில்லை என்று வரும் ஜீப்புகளில் பலவற்றில் பழுதே இருக்காது. முன் சக்கர ஹப்பைத் திருப்பிப் பூட்டாமல் நெம்புகோலை மட்டும் போட்டிருப்பார்கள். ஃபோர் வீலைப் போட்டபடியே தார்ச் சாலையில் ஓட்டினால் முன்னும் பின்னும் முறுக்கிக்கொண்டு நெம்புகோல் வெளியே வராது. சில அடி நேராகப் பின்னுக்கு எடுத்தால் விடுபடும். டிராக்டரில் டிஃப் லாக்கைப் போட்டுக்கொண்டு திருப்பினால் உள்ளே பல் உடையும்.

ஓடையைத் தாண்டிய பிறகு கியர் ஆயிலையும் அச்சு ஆயிலையும் பாருங்கள். பால் கலந்த டீ போல் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும். பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் நீண்ட இறக்கத்தில் கொதித்து மிதி தரை தொடும். பெல்ட்டில் ஓடும் ஏடிவியில் ரப்பர் கருகும் வாசனை வந்தால் பாரத்தை ஹை கியரில் இழுக்கிறீர்கள் என்று பொருள். நனைந்த பெல்ட்டும் வழுக்கும், பெல்ட் பெட்டியின் அடித் திருகைக் கழற்றித் தண்ணீரை வடிக்க வேண்டும். கேனில் வாங்கி வைக்கும் டீசலில் தண்ணீர் சேர்ந்துவிடும் என்பதால் ஃபில்டரின் அடியில் வாரம் ஒருமுறை வடித்துவிடுங்கள். கறுப்புப் புகை வந்தால் பம்பைக் கைவைக்கும் முன் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள். மழைக்காலத்தில் சும்மா நிற்கும் வண்டியின் வயரை எலி கடித்திருக்கும். இதற்கு நான் அறிந்த மருந்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை வண்டியை எடுப்பதுதான்.

ஒரு கணக்கு

எட்டு லட்சத்துக்கு ஏடிவி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டு உழைத்தால் தேய்மானம் ஆண்டுக்கு 80,000. வட்டி 9 சதவீதம் என்றால், சராசரி நிலுவை நான்கு லட்சத்துக்கு 36,000. பெட்ரோல், டயர் சேர்க்காமலே 1,16,000. ஆண்டில் 150 நாள் ஓட்டினாலும் நாளுக்கு 770 ரூபாய்க்கு மேல். ஆறு ஏக்கர் தோட்டத்தில் 150 நாள் வண்டி வேலை எங்கே இருக்கிறது?

நிலம் ஓரளவு மட்டமாக இருந்து, களையெடுப்பும் மருந்தடிப்பும் உண்டென்றால் 20 முதல் 30 குதிரைத்திறனுள்ள நான்கு சக்கர இழுவைச் சிறு டிராக்டர் என் தேர்வு. குபோட்டா நியோஸ்டார், மஹிந்திரா ஜீவோ வகைகள். குறைந்த வரி இதற்குத்தான் நேராகக் கிடைக்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறையின் மானியத் திட்டத்தில் டிராக்டரும் பவர் டில்லரும் வரும், ஜீப் வராது. பக்கத்துத் தோட்டத்துக்கு வாடகைக்கும் ஓட்டலாம். வெறும் பாரம் இறக்க மட்டும் என்றால் டிராக்டரும் வேண்டாம்.

இதைவிட மலிவான யோசனை ஒன்று உண்டு, யாருக்கும் பிடிப்பதில்லை. பாதையில் மோசமான நாலைந்து இடத்தில் கல் பாவி, தண்ணீர் பாதையோடு ஓடாமல் குறுக்கே கடந்து போக வாய்க்கால் வெட்டிவிட்டால், கோடையிலாவது வாடகை பிக்கப் தோட்டம் வரை வரும். பாதையை அரிப்பது சக்கரமல்ல, தண்ணீர்தான்.

தடியன்குடிசைக்காரரிடம் இதையெல்லாம் சொன்னபோது முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. போன வாரம் பேசினார். அதே பாதையில் தோட்டம் வைத்திருக்கும் மூன்று பேரோடு சேர்ந்து குறுக்கு வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். நால்வருமாக ஒரு பழைய ஜீப்பையும் பார்த்து வைத்திருக்கிறார்கள். "பேச்சு முடிஞ்சிருச்சு சார், பெயிண்ட் எல்லாம் பளபளன்னு இருக்கு" என்றார். பெயிண்ட்டை விடுங்கள் அண்ணே, மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய், ஹப்பைப் பூட்டி, லோ கியரில் போட்டு, உங்கள் பாதையிலேயே ஒருமுறை இறக்கிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.