மிஸ்டு கால் கொடுத்தவர்களும் ஹேக்கர்கள்தான்... அந்த வழியை அடைத்தது சரியா?

"பஸ் ஏறுனதும் ஒரு ரிங் விடு, வீடு போய்ச் சேர்ந்ததும் ரெண்டு ரிங் விடு." 2000-களில் புதுக்கோட்டை மாவட்டத்தில் சர்வசாதாரணமாகக் காதில் விழுந்த பேச்சு இது. ஒரு பைசா செலவில்லை, சேதி மட்டும் போய்ச் சேர்ந்துவிடும். கஞ்சத்தனம் என்று கிண்டலடிக்கப்பட்ட இந்தப் பழக்கத்துக்குத் தொழில்நுட்ப உலகில் ஒரு பெயர் உண்டு: ஹேக்கிங். அதாவது, ஒரு நெட்வொர்க் எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொண்டு, அதை உருவாக்கியவர்கள் நினைத்தே பார்க்காத வேலைக்கு அதைப் பயன்படுத்துவது.

இதே வேலையைச் செய்த அமெரிக்கர்களுக்கு வரலாற்றில் இடம் கிடைத்தது. இங்கே செய்தவர்களிடம் கடைசியில் குறைந்தபட்ச ரீசார்ஜ் கேட்கப்பட்டது.

விசில் அடித்தால் இலவச அழைப்பு

1950-களில் அமெரிக்காவின் ஏ.டி.அண்ட்.டி. நிறுவனம் தொலைதூர அழைப்புகளை இணைக்க ஒலிகளைப் பயன்படுத்தியது. 2600 ஹெர்ட்ஸ் ஒலி கேட்டால், 'லைன் காலியாக இருக்கிறது' என்று எக்ஸ்சேஞ்ச் எடுத்துக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், மனிதக் குரல் போகும் அதே லைனில்தான் இந்தக் கட்டளையும் போனது. பார்வையற்ற சிறுவனான ஜோ எங்ரெசியா, வாயால் விசிலடித்தே அந்த ஒலியை எழுப்ப முடியும் என்று கண்டுபிடித்தார். கேப்டன் க்ரஞ்ச் என்ற சீரியல் பாக்கெட்டோடு இலவசமாக வந்த பொம்மை விசிலிலும் அதே ஒலி வந்தது. ஜான் டிரேப்பருக்கு 'கேப்டன் க்ரஞ்ச்' என்ற பட்டப்பெயர் வந்தது இப்படித்தான்.

1971 அக்டோபரில் எஸ்குயர் பத்திரிகை இவர்களைப் பற்றி எழுதியது. அதைப் படித்த ஸ்டீவ் வோஸ்னியாக்கும் ஸ்டீவ் ஜாப்ஸும் 'ப்ளூ பாக்ஸ்' என்ற கருவியைச் செய்து விற்றார்கள். அந்த அனுபவம் இல்லையென்றால் ஆப்பிள் நிறுவனமே இருந்திருக்காது என்று ஜாப்ஸ் பின்னாளில் சொன்னார். டிரேப்பரோ சிறைக்குப் போனார். கட்டளை போகும் பாதையைக் குரல் போகும் பாதையிலிருந்து நிறுவனம் பிரித்த பிறகு அந்த ஓட்டை அடைபட்டது.

இங்கே நடந்தது என்ன?

இந்தியாவில் ப்ளூ பாக்ஸ் தேவைப்படவில்லை, விரலே போதும். சுழற்றி டயல் செய்யும் கறுப்பு போன்களில், அடுத்தவர் பேசிவிடக் கூடாது என்று டயல் துளையில் சின்னப் பூட்டு மாட்டி வைப்பார்கள். ஆனால் டயல் செய்யும் வேலையே லைனைக் கண நேரம் துண்டித்துத் துண்டித்து இணைப்பதுதான். நான்கு முறை துண்டித்தால் 4, பத்து முறை துண்டித்தால் 0. ரிசீவர் வைக்கும் இடத்தில் இருக்கும் பொத்தானைச் சரியான வேகத்தில் தட்டினாலும் எக்ஸ்சேஞ்சுக்கு அதே கணக்குதான். பூட்டைத் தொடாமலே நம்பர் போய்விடும்!

பிறகு மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத்கள் வந்தன. இரவு ஏற ஏறக் கட்டணம் அரை, கால் என்று குறையும் என்பதால் கூட்டமும் இரவில்தான். கண் முழுக்க மீட்டரில் இருக்கும். "அடுத்த பல்ஸ் விழுறதுக்குள்ள வச்சிரு" என்று பக்கத்தில் நிற்பவர் எச்சரிப்பார். வீட்டில் போன் இல்லாதவர்கள் எதிர்வீட்டு எண்ணை 'பி.பி. நம்பர்' என்று விசிட்டிங் கார்டில் அச்சடித்தார்கள். அறந்தாங்கி, ஆலங்குடிப் பக்கமிருந்து சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று பிழைக்கப் போனவர்களின் குடும்பங்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் காசு. சுருக்கமாகப் பேசுவதும், பேசாமலே சொல்வதும் அங்கே ஒரு திறமை.

1995-ல் மொபைல் வந்தபோது, வரும் அழைப்புக்கும் கட்டணம் உண்டு. 2003 மே மாதம் இன்கமிங் இலவசமானது. 2005 இறுதியில் 'லைஃப்டைம் வேலிடிட்டி' திட்டங்கள் வரத் தொடங்கின. பேலன்ஸ் பெரிதாக இல்லாவிட்டாலும் போன் உயிரோடு இருக்கும். மிஸ்டு காலின் பொற்காலம் அதுதான்.

நிறுவனங்கள் கற்றுக்கொண்ட பாடம்

மக்கள் கண்டுபிடித்த இந்த வழியைப் பிறகு பெரியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மிஸ்டு காலை விளம்பரத் தொழிலாக்கிய பெங்களூரின் ஜிப்டயல் நிறுவனத்தை 2015-ல் ட்விட்டர் வாங்கியது. பேங்க் பேலன்ஸ், கட்சி உறுப்பினர் சேர்க்கை, கேஸ் புக்கிங் என எல்லாவற்றுக்கும் மிஸ்டு கால் எண் வந்தது. பட்டன் போன்களுக்காக 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கிவைத்த யு.பி.ஐ. 123பே சேவையிலும் மிஸ்டு கால் ஒரு வழி.

2019-ல் இன்னொரு வேடிக்கை. ஒரு அழைப்பைப் பெறும் நிறுவனத்துக்கு, அனுப்பும் நிறுவனம் அப்போது நிமிடத்துக்கு 6 பைசா தர வேண்டும். தன் போன் அடிக்கும் நேரத்தை ஜியோ குறைத்து, அழைப்புகளை வேண்டுமென்றே மிஸ்டு கால் ஆக்குகிறது என்று ஏர்டெல் குற்றம்சாட்டியது. மற்ற நெட்வொர்க்குகளிலிருந்து தனக்குத் தினமும் 25 முதல் 30 கோடி மிஸ்டு கால்கள் வருவதாக ஜியோ சொன்னது. கடைசியில், மொபைல் 30 விநாடி அடிக்க வேண்டும் என்று டிராய் உத்தரவு போட்டது.

வழி அடைபட்டது எப்படி?

2018 இறுதியில் ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் 28 நாளுக்கு 35 ரூபாய் என்று குறைந்தபட்ச ரீசார்ஜைக் கொண்டுவந்தன. போடாவிட்டால் அவுட்கோயிங் மட்டுமல்ல, சில நாட்களில் இன்கமிங்கும் நின்றுவிடும். 2024 ஜூலையில் ஏர்டெல்லின் 28 நாள் அடிப்படை பேக் 199 ரூபாயைத் தொட்டது.

நிறுவனங்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அந்த 6 பைசா 2021 ஜனவரியில் பூஜ்யமாகிவிட்டது. அழைப்பை வாங்க மட்டும் சிம் வைத்திருப்பவரால் இப்போது நிறுவனத்துக்கு வருமானமே இல்லை. டவரும் மின்சாரமும் சும்மா வராது.

ஆனால் போன் நம்பர் இன்று வெறும் பேச்சுக்கானது அல்ல. ஆவுடையார்கோவில் பக்கத்துக் கிராமத்தில் பட்டன் போன் வைத்திருக்கும் ஒரு அப்பத்தாவை எடுத்துக்கொள்வோம். பேங்கில் பணம் ஏறிய மெசேஜ், கேஸ் சிலிண்டருக்கான ஓ.டி.பி., வெளிநாட்டில் இருக்கும் பேரனின் குரல்... எல்லாம் அந்த ஒரு நம்பருக்குத்தான் வர வேண்டும். அவருக்கு டேட்டா தேவையே இல்லை.

இதைப் புரிந்துகொண்டுதான் 2024 டிசம்பரில், டேட்டா இல்லாத பேக் கட்டாயம் தர வேண்டும் என்று டிராய் சொன்னது. நிறுவனங்களும் தந்தன. எப்படி? 2025 ஜனவரியில் ஏர்டெல் கொடுத்த பேக்குகள் 84 நாளுக்கு 469 ரூபாய், ஒரு வருடத்துக்கு 1,849 ரூபாய். நாள் கணக்கில் பார்த்தால் மலிவு. ஆனால் 469 ரூபாயை மொத்தமாக எடுத்து வைக்க முடிந்தவருக்குத்தான் அந்த மலிவு. ஷாம்பூவைக்கூட ஒரு ரூபாய் பாக்கெட்டில் வாங்கும் வீடுகளுக்கு இது உதவாது.

செய்ய வேண்டியது என்ன?

டேட்டா இல்லாத பேக் மட்டும் போதாது. இன்கமிங்கும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் கொண்ட சிறிய மாதாந்திர பேக்கை டிராய் கட்டாயமாக்க வேண்டும். நிறுவனங்களுக்கு நஷ்டம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. கிராமப்புறத் தொலைத்தொடர்புக்காகவே அவற்றின் வருவாயில் 5 சதவீதம் வசூலிக்கப்பட்டு 'டிஜிட்டல் பாரத் நிதி'க்குப் போகிறது. டவர் கட்டக் கொடுக்கும் அந்தப் பணத்தில் ஒரு பகுதி, அந்த டவரின் கீழே இருப்பவரின் போன் அணையாமல் இருக்கவும் போகலாமே!

டயல் பூட்டைத் தாண்டியவரும், ரெண்டு ரிங் விட்டவரும் திருடர்கள் அல்ல. இந்த விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்று அவர்கள் நெட்வொர்க்குக்கே சொன்னார்கள். சொன்ன வழியை மட்டும் அடைத்துவிட்டு, விலையை அப்படியே ஏற்றிக்கொண்டு போவது நியாயம் ஆகாது.